முழங்கை உயரம்

எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்து இன்றோடு 23 நாட்கள் ஆகின்றன. காஸ் அடுப்பு கூடத்தில், புத்தக அலமாரிக்கு எதிரே, ஒரு பழைய பெஞ்சின் மேல் இருக்கிறது. தாளிக்கும்போது கடுகு விமர்சனத் தொகுப்புகளின் மேல் தெறிக்கிறது. தமிழ் விமர்சனத்துக்கு இதுவரை இல்லாத காரம் இனி வரும் என்றார் ஒரு நண்பர்.

சிங்கப்பெருமாள் கோவிலில் அப்பா 1986இல் கட்டிய வீடு. அக்னி மூலையில் 8 அடிக்கு 7 அடியில் சமையலறை. கிழக்கே ஒரு சின்ன ஜன்னல். கூடத்துக்கும் அதற்கும் நடுவே 9 இஞ்ச் சுவர். எங்கள் ஊர் நரசிம்மர் மலையோடு மலையாக இருப்பவர். குடைவரையில் அவரைச் சுற்ற இடம் கிடையாது. பிரதட்சிணம் செய்ய வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும். எங்கள் வீட்டில் குழம்பும் அப்படித்தான். சுவரைச் சுற்றி, நடை வழியாக, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்து சேரும்.

சுவரை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். சமைப்பவர்களும் சாப்பிடுபவர்களும் ஒரே வெளியில் இருப்பார்கள், நடுவில் ஆறு பேர் உட்காரும் ஒரு மேஜை இருக்கும் என்று, செலான் ஒன்றின் முதுகில், தாம்பரத்திலிருந்து திரும்பும் ரயிலில் ப்ளான் போட்டேன். வங்கிக் குமாஸ்தாவுக்குக் கோடு நேராகப் போடத் தெரியும். கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்து மறைமலை நகர் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்த உற்சாகத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. அதே தலைப்புள்ள தொகுப்பு 1988இல் வந்தது. பெரிய வீடு, அதன் கடைக்கோடியில், யாரும் யோசித்துக் கட்டாத ஒரு சமையலறை. அதை ஒட்டிய பால்கனியை அகலப்படுத்தலாமே என்று மருமகள் சொல்கிறாள். நடப்பதோ, அங்கே துணி உலர்த்தக் கயிறு கட்டுவது. ஜன்னலில் தெரிந்த மலை புடவைகளுக்குப் பின்னால் போய்விடுகிறது. இந்தக் கதையைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். வெளி, அதிகாரம் என்ற வார்த்தைகள் அதில் நிறைய வரும். எழுதிய நாட்களில் எங்கள் சமையலறைக்குள் எத்தனை முறை போனேன் என்று கேட்டால், தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன்.

மேஸ்திரி முதல் நாள் கேட்ட கேள்வி: “சார், மேடை யாருக்கு?”

எனக்குப் புரியவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு உயரம் வைப்பீர்களே, அதையே வையுங்கள் என்றேன். “எல்லா வீட்டுலயும் ஒரே ஆளா சார் சமைக்குது?” என்றார். அம்மாவையும் என் மனைவியையும் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னார். கையை மடக்கச் சொல்லி முழங்கை மட்டத்தில் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டார். அதற்கு 4 இஞ்ச் கீழே மேடை வர வேண்டுமாம். உயர்ந்தால் தோள்பட்டை போகும், தாழ்ந்தால் இடுப்பு போகும். மனைவிக்கு 36 இஞ்ச் வந்தது, அம்மாவுக்கு 32. பழைய மேடையை அளந்தோம், 35. ஒன்றுக்கும் ஒத்து வரவில்லை. அப்பாவின் காலத்தில் யாரையும் சுவரோரம் நிறுத்தி வைத்து அளக்கவில்லை. அம்மா அத்தனை வருஷமும் தோளைத் தூக்கிக்கொண்டே கிளறியிருக்கிறாள்.

பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், எங்கள் அளவில் சுமார் 70 சதுர அடி. சமைப்பவள் எத்தனை எட்டு வைக்கிறாள் என்று கணக்கிட்டு, அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் ஸ்டூல் என்று எல்லாம் யோசித்திருந்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. பிற்காலத்தில், ஒரே ஆள் மட்டும் நிற்கக்கூடிய அறைக்குள் பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று அதையே குறை சொன்னார்கள். தான் அதுவரை சமைத்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஸ்டூலையாவது அவர் யோசித்தார்.

அம்மா பிறந்த வீட்டில் எல்லாமே உட்கார்ந்து செய்கிற வேலை. விறகடுப்பு தரையில், அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை எல்லாம் தரையில். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் கிரைண்டர் செய்தார். ஆட்டுக்கல்லைச் சுற்றிய கைகளுக்கு ஓய்வு வந்தது. பிறகு காஸ் வந்தது. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, எனவே மேடை வந்தது. புகையிலிருந்து தப்பித்ததற்கு விலையாக அம்மா இந்த வீட்டுக்கு வந்து நின்று சமைக்கக் கற்றுக்கொண்டாள். என் கவுண்டரில் வேலை செய்பவன் உட்கார்ந்திருப்பான், காத்திருப்பவர்கள் நிற்பார்கள். வீட்டில் இது தலைகீழ் என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததுதான் விஷயம். எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது. நான் கூடத்தில் படுத்தபடி படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்தாள், எழுந்தாள், அங்கே உட்கார்ந்தாள். கடைசியில் அலமாரியின் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள். மிச்சம் தட்டில் இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லப்பா. சுவர் இருந்தா தேவலை.”

“சுவர் எதுக்கும்மா?”

“சாஞ்சுக்க. சாப்பிடறப்ப கொஞ்சம் கால நீட்டணும். உங்க எல்லார் எதுரயும் எப்படி நீட்டறது?”

பகல் இரண்டரை மணிக்கு அந்த 9 இஞ்ச் சுவரின் மறுபக்கம் என்ன நடந்துவந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் வங்கியில் இருப்பேன். காலையிலிருந்து நின்ற கால்களை நீட்டி, முதுகைச் சாய்த்து, யாருக்கும் எதுவும் எடுத்து வைக்காமல், யாரும் பார்க்காமல் சாப்பிடும் அரை மணி நேரம் அவளுக்கு அங்கே இருந்திருக்கிறது. என் கட்டுரையில் அந்தச் சுவருக்குச் சிறை என்று பெயர். ஆறு நாற்காலி மேஜையில் அவளை உட்காரவைத்துச் சமத்துவம் வழங்க இருந்தேன். நாற்காலியில் கால் நீட்ட முடியாது.

அதற்காகச் சுவர் அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தரைக்கு வந்து நேரே அடுப்புக்குப் போகிறவள். “ராத்திரி நீங்களும் உங்க நண்பர்களும் கூடத்துல பேசறது பாதிதான் காதுல விழும். சிரிப்பு மட்டும் முழுசா கேட்கும்” என்றாள். அவளுக்கு அந்தச் சுவர் வேண்டாம். கதையில் மாமனார் ஒருவர்தான் குறுக்கே நின்றார். இங்கே இரண்டு பெண்களுக்கும் வேண்டியவை எதிரெதிராக இருந்தன. நடுவில் நான், செலானும் கையுமாக.

அதை நான் தீர்க்கவில்லை. மறுநாள் ரயிலைவிட்டு இறங்கி வந்தபோது சுவரில் வலது பக்கம் 4 அடி அகலத்துக்குத் திறந்திருந்தது. மேல் தளத்தின் பாரம் அந்தச் சுவரில் இறங்குவதால் முழுதாக எடுத்தால் பீம் போட வேண்டும், செலவு தாங்காது என்று மேஸ்திரி சொன்னாராம். அத்தையும் மருமகளும் கலந்து பேசி, இடது பக்கத்தை விட்டுவைத்திருந்தார்கள். மேடை 36 இஞ்சில். ஆட்டவும் அரைக்கவும் நறுக்கவும் ஒரு மூலையில் 32 இஞ்சில் இன்னொரு துண்டு. அடியில் ஒரு ஸ்டூல் நுழைய இடம். மேஜை நாலு பேருக்குப் போதும் என்றும் முடிவாகியிருந்தது. என் ப்ளான் தண்ணீர் டிரம்முக்கு அடியில் ஊறிக் கிடந்தது.

“என்னக் கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டா ப்ளான் காட்டுவீங்க” என்றாள் மனைவி. அம்மா சிரித்ததை வெகுநாள் கழித்துப் பார்த்தேன்.

பூசாத சுவரில் அந்த இரண்டு பென்சில் கோடுகளும் இன்னும் இருக்கின்றன. மேஸ்திரி, “சாருக்கும் ஒண்ணு போட்டு வைக்கவா?” என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். போய் நின்றேன். மனைவியின் கோட்டுக்கு 3 இஞ்ச் மேலே விழுந்தது.

வியாழக்கிழமை டைல்ஸ் வருகிறது. அதுவரை சமையல் கூடத்தில். நேற்றிரவு ரசம் நான் வைத்தேன், உப்பு தூக்கல். பெஞ்ச் எனக்கு ரொம்பத் தாழ்வு, இடுப்பு வலிக்கிறது.