கண்டதும் கருதியதும்

அறிவு நம்மை வந்தடையும் வாயில்களை நம் முன்னோர் அளவை என்றனர். மணிமேகலையின் 27-ஆம் காதை அளவைகள் பத்தென எண்ணுகின்றது. அவற்றுள் காட்சியும் கருத்தும் முன்னிற்பன. ஐம்பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருத்து. வெள்ளத்தைக் கண்டு தலைப்பில் மழை பெய்தமையை உணர்தல் அந்நூல் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஆனர்ஸ் வகுப்பில் யாம் இதனைப் பாடமாகப் பயின்றோம். இதன் பயனை யான் உணர்ந்ததோ பழவேற்காட்டு ஏரிக்கரையிலாகும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், திருப்பாலைவனத்தை அடுத்த மீனவர் சிற்றூர் ஒன்றில், உயர்நிலை வகுப்பிற்குப் புதிதாகச் சென்ற சிறார் பதின்மர்க்கு மாலைதோறும் பாடஞ் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. புத்தகத்தில் விடை உள்ள வினாக்களுக்கு அவர்கள் தயங்காது மறுமொழி கூறினர். "இதனால் நீ உணர்வது யாது?" என்று வினவினாலோ தலை கவிழ்ந்தனர். "அது புத்தகத்தில் இல்லையே, அண்ணா" என்றான் ஒருவன்.

ஒருநாள் ஏரிநீர் கலங்கியிருந்தது. காரணம் யாதென்றேன். "ஆரணியாற்றில் வெள்ளம் வந்திருக்கிறது, மேற்கே நல்ல மழை" என்றாள் ஒரு சிறுமி. "ஏரி ஆழமில்லாதது, காற்றடித்தாலும் சேறு கிளம்புமே" என்று மறுத்தான் ஒருவன். அவள் தளர்ந்தாளில்லை. "நாவில் வைத்துப் பார்த்தேன், உப்புக் குறைந்திருக்கிறது. காற்றுச் சேற்றைக் கிளப்பும், உப்பைக் குறைக்குமா? இங்கோ நான்கு நாளாக மழையே இல்லை" என்றாள். சாத்தனார் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்! ஏரியில் இத்துணைத் தெளிவாக ஆராயும் இச்சிறார், பள்ளி வாயிலில் அவ்வாராய்ச்சியைச் செருப்புடன் கழற்றி வைத்துவிடுகின்றனர் என்பது எனக்கு அப்பொழுது விளங்கிற்று.

அவள் கூறியதையே கரும்பலகையில் பத்தி பிரித்து எழுதுவித்தேன். கண்டது, கருதியது, இரண்டையும் இணைக்குங் காரணம் என மூன்று பத்திகள் அமைந்தன. 'வேறு காரணம் இருக்கலாமோ?' என்னும் நான்காம் பத்தியை அச்சிறுவனது மறுப்பே தந்தது.

பின்னர் அவர்களைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். வாயிலிற் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளைக் கண்டவுடன், "இவர்கள் கொள்ளைநோயில் மாண்டவர்கள்" என்றனர் பலர். நான்கு பத்தியும் எழுதுமாறு பணித்தேன். அயல்மொழி எழுத்து, பதினேழாம் நூற்றாண்டின் ஆண்டெண்கள், அரிய சிற்ப வேலை ஆகியவற்றால், செல்வமுடைய அயல்நாட்டினர் இங்கு வாழ்ந்து மடிந்தனர் என்று துணிந்தனர். 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டியதையும், 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைப்பட்டதையும் யான் கூறவே அத்துணிவு வலுப்பெற்றது. நோயென்னும் முடிவோ நிற்கவில்லை. நிலையாமையை உணர்த்த எலும்புருவங்களைக் கல்லறைகளிற் செதுக்குதல் அக்கால ஐரோப்பியர் வழக்கமென்று விளக்கினேன். "அப்படியானால் நோயால் இறக்கவில்லை என்றும் சொல்ல முடியாதே, அண்ணா?" என்றான், முன்பு புத்தகத்தில் இல்லையென்றவன். சான்று எதுவரை பேசுகின்றது, எங்கே வாய்மூடுகின்றது என்பதை அவன் அறிந்துகொண்டான்.

இப்பயிற்சி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. முகத்துவாரத்தை மணல் அடைப்பதும் மீன் குறைவதும் இவ்வூரார் வயிற்றைத் தாக்கும் இடர்கள். எதனால் என்று கேட்டால் கரையில் ஆளுக்கொரு விடை பிறக்கும். ஒரு குப்பம் மற்றொன்றைப் பழிக்கும். நாளை அதிகாரிகள் முன்னே தம் ஏரிக்காகப் பேசவேண்டியவர் இச்சிறாரே. 'எங்களுக்குத் தெரியும்' என்னும் சொல் அங்கே எடுபடாது. இன்ன நாளில் இதனைக் கண்டோம், ஆதலின் இதனைத் துணிகின்றோம், பிற காரணங்கள் இவ்வாற்றாற் பொருந்தா என்று அவர்கள் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர். தக்க சான்றைத் துணையாகக் கொண்ட சொல், ஏழையினுடையதாயினும், அம்பலம் ஏறுதற்கு வழியுண்டு. நண்பர்காள், விடுமுறையில் உம் ஊர்ச் சிறார் சிலர்க்கேனும் அவ்வழியைக் காட்டுவீராக.