ஒலியா எழுத்துகள்

எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத ஓர் எழுத்து, ஒரு மனிதனின் வாயை அடைத்துவிடக்கூடும் என்பதைக் கொல்லிமலையில் கண்டேன். அடைத்தவனும் நானே.

அத்தா மிளகு வியாபாரி. கல்லூரி விடுமுறையில் அவர்களுடன் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சோளக்காட்டுச் சந்தைக்குச் செல்வேன். எங்களுக்கு மிளகு தரும் மலைவாழ் குடும்பத்து இளைஞன் ஒருவன், பணம் பெற்றுக் கையொப்பமிடுமுன் தாளின் தலைப்பிலிருந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெண்ணி, “ரிசீப்ட்” என்று படித்தான். நான் சிரித்துவிட்டேன். “அதிலுள்ள ‘பி’ ஒலிக்காது, ‘ரிசீட்’ என்று சொல்” என்றேன். சுற்றி நின்றோரும் சிரித்தனர்.

“ஒலிக்காத எழுத்தை எதற்கு அண்ணே எழுதுகிறார்கள்?” என்று கேட்டான். நம் குற்றியலுகரம்கூட அரை மாத்திரையேனும் ஒலிக்கும். தமிழ் படித்தவனுக்கு எழுந்த நியாயமான ஐயம் அது. என்னிடம் விடை இல்லை.

மலையிறங்கும்போது அத்தா கேட்டார்கள்: “ ‘வஷ்ஷம்ஸி’ என்று ஓதுகிறாயே, அதில் லாம் எழுதியிருக்கிறதல்லவா? முதல் நாள் நீ அதை ஒலித்தபோது ஹஜ்ரத் சிரித்தார்களா?”

சிரிக்கவில்லை. அரபி எழுத்துகள் 28-இல் 14 ஷம்ஸீ எழுத்துகள் என்றும், அவற்றின் முன் ‘அல்’ வந்தால் லாம் ஒலிக்காதென்றும் கற்பித்தார்கள். ஒரே விதி, ஒரே நாளில் விளங்கிற்று.

ஆங்கிலத்தில் அத்தகைய ஒழுங்கு இல்லை. கடன் என்னும் பொருளுடைய ‘டெட்’, பிரெஞ்சிலிருந்து ‘பி’ இன்றியே வந்தது. லத்தீன் மூலத்தைக் காட்ட விரும்பிய புலவர்கள் பின்னாளில் அவ்வெழுத்தைச் செருகினர். ‘ரிசீட்’டில் உள்ள எழுத்தும் அவ்வாறு நுழைந்ததே. 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் வரும் பள்ளியாசிரியர், ‘டெட்’டில் ‘பி’யை ஒலிக்காதவர்களைக் கடிந்துகொள்கிறார். அவருக்கு ஒலிக்காதது குற்றம். எனக்கோ ஒலித்தது குற்றம். ‘ஆஃபன்’ என்பதா, ‘ஆஃப்டன்’ என்பதா என்னும் வழக்கு ஆங்கிலேயரிடையே இன்றும் தீரவில்லை. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன.

அதற்காகத் திருத்தவே கூடாது என்பேனல்லேன். வேலைக்குச் செல்லும் பிள்ளையை உலக வழக்கு அறியாதவனாக அனுப்புவது அன்பாகாது. ஆனால், திருத்துவது வேறு, நகைப்பது வேறு.

அடுத்த முறை அவ்விளைஞன் தாளை என்னிடமே நீட்டி, “நீங்களே படித்துவிடுங்கள், அண்ணே” என்றான். எடையும் விலையும் நான் படித்தேன், அவன் கையொப்பமிட்டான். கணக்கு சரியாகவே இருந்தது. எனினும், வாங்குபவன் படிக்க, விற்பவன் கண்ணை மூடிக் கையொப்பமிடுவது நேர்மையான வணிகமாகுமா? அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது என் சிரிப்பன்றோ?

அத்தா ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக அச்சடித்த புத்தகத்தில், தலைப்பு முதல் எல்லாம் தமிழில் இருந்தன. தலைப்பு ‘ரசீது’. பாரசீகத்திலிருந்து வந்து நம்முடையதாகிவிட்ட சொல். அதில் ஒலியா எழுத்து ஒன்றுமில்லை.

அந்தத் தாளை அவன் வாங்கி, மேலிருந்து கீழ்வரை மெல்லப் படித்தான். என்னைப் பார்க்காமலே கையொப்பமிட்டான்.