@ குறிக்குப் பின்னால்

சர்வரிலிருந்து வரும் தரவும் ஹெச்டிஎம்எல்லும் ஒரே கோப்பில் கலக்கும் இடத்தில்தான் என் வேலையின் பெரும்பகுதி. பழைய ஏஎஸ்பி பக்கங்களில் ஓர் அட்டவணையை நிரப்பவே <% என்று திறந்து %> என்று மூடிக்கொண்டே போக வேண்டும். லூப்புக்குள் ஒரு நிபந்தனை வந்துவிட்டால், எந்த அடைப்பு எதை மூடுகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும்.

2011 ஜனவரியில் ஏஎஸ்பி டாட் நெட் எம்விசி 3 உடன் ரேஸர் என்ற டெம்ப்ளேட் எழுத்துமுறை வந்தது. அதில் ஒரு @ போதும். மூடும் குறி வேண்டாம். சி ஷார்ப், ஹெச்டிஎம்எல் இரண்டின் இலக்கணமும் தெரிந்த பார்ஸர், கோட் எங்கே முடிகிறது என்று தானே கண்டுகொள்ளும். மின்னஞ்சல் முகவரிக்குள் வரும் @ குறியை வெறும் எழுத்தாகவே விட்டுவிடும்.

அழகைவிட எனக்குப் பெரிது பாதுகாப்பு. @ வழியே வரும் சரங்கள் என்கோட் ஆகித்தான் பக்கத்தில் இறங்கும். பெயர்ப் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்ட் டேக் எழுதி அனுப்பினாலும் அது திரையில் எழுத்தாகத் தெரியும், ஓடாது. பழைய <%= அப்படிச் செய்யாது. என்கோட் செய்யும் <%: குறி 2010இல்தான் சேர்ந்தது. எந்த வரியில் எந்தக் குறி என்று எப்போதும் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. ரேஸரில் பாதுகாப்பைத் தளர்த்த 'ஹெச்டிஎம்எல் டாட் ரா' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

தமிழில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ஏஎஸ்பி டாட் நெட்டின் பிந்தைய வடிவமான ஏஎஸ்பி டாட் நெட் கோரில், அடிப்படை லத்தீனுக்கு வெளியே உள்ள எழுத்துகளை என்கோடர் எண் குறியீடாக்கிவிடும். ஒரு 'க' ஏழு எழுத்துகளாக நீளும். பிரவுசர் சரியாகவே காட்டும். ஆனால் அதே மதிப்பை ஸ்கிரிப்டுக்குள் சரமாக வைத்தால் பெயருக்குப் பதில் எண்கள் வந்து நிற்கும். என்கோடர் அமைப்பில் யூனிகோடின் தமிழ்ப் பகுதியை அனுமதித்தால் தமிழ் தமிழாகவே போகும்.

அடுத்தது வேற்றுமை உருபு. @பெயர்க்கு என்று சேர்த்து எழுதினால் முழுவதையும் ஒரே மாறியின் பெயராகப் பார்ஸர் எடுத்துக்கொள்ளும். @(பெயர்)க்கு என்று அடைப்புக்குறி போட்டால் செல்விக்குச் சரியாக வரும். குமாருக்கு 'குமார்க்கு' என்றாகும். இதைச் சரிசெய்ய டெம்ப்ளேட்டுக்குள் நிபந்தனைகளை அடுக்கக் கூடாது. 'பெறுநர்: @பெயர்' என்று வாக்கியத்தை மாற்றலாம், இல்லையென்றால் உருபு சேர்ந்த வடிவத்தை, பக்கத்துக்குத் தரவு தரும் மாடலிலேயே தயார் செய்து அனுப்பலாம்.

கணக்கும் முடிவும் டெம்ப்ளேட்டுக்கு வெளியே முடிந்திருக்க வேண்டும். அப்படி எழுதிய பக்கத்தில் சி ஷார்ப் தெரியாத வடிவமைப்பாளரும் துணிந்து கைவைக்கலாம்.