எட்டில் ஒன்று



நம் இல்லங்களில் ஒரு மௌத்து நேர்ந்தால், நாற்பது நாள் கழிவதற்குள் சொத்துப் பேச்சு தலைகாட்டி விடுகிறது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பாகம் பிரிக்காமல் தள்ளிப் போட்டு, பேரப்பிள்ளைகள் காலத்தில் நீதிமன்றப் படியேறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சென்ற ஆண்டு எங்கள் நெய்யூரில் உறவினர் ஒருவர் நடுத்தர வயதிலேயே வஃபாத்தானார். மனைவி, இரண்டு பெண் மக்கள், முதிய வாப்பா, உம்மா ஆகியோரே வாரிசுகள். ஒரு வீடும் சிறிது தோப்பும் வங்கியில் கொஞ்சம் பணமும் இருந்தன. பாகம் பிரிக்க யாரை அழைப்பது என்று பெரியவர்கள் பேசிக் கொண்டிருக்கையில், மர்ஹூமின் தங்கை மகன் செல்போனை எடுத்து நீட்டினான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை.

"யாரையும் அழைக்க வேண்டாம் மாமா, எல்லாம் இதிலேயே வந்து விட்டது" என்றான்.

செயற்கை நுண்ணறிவு என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த வகைச் செயலி ஒன்றில்தான் அவன் கேட்டிருந்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து இத்தகைய செயலிகள் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்குள் வந்து விட்டன. தமிழில் கேட்டால் தமிழிலேயே, தயக்கமின்றி, கற்றறிந்த ஒருவர் எழுதுவது போல் விடை வருகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண் மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தந்தைக்கு ஆறில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று பங்குகள் அழகாக வரிசையிட்டிருந்தன. குர்ஆன் வசன எண்களும் உடனிருந்தன.

எல்லாம் சரிதான். ஆனால் கூட்டிப் பார்த்தீர்களா? கணக்கு எளிதாக இருக்கச் சொத்து 24 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். மனைவிக்கு 3, பெண் மக்களுக்கு 16, தந்தைக்கு 4, தாய்க்கு 4. கூட்டினால் 27 லட்சம்! இல்லாத மூன்று லட்சத்தையும் சேர்த்துப் பங்கு வைத்திருந்தது அந்தச் செயலி. காகிதத்தில் கூட்டிக் காட்டியதும் பையனின் முகம் மாறிற்று.

ஃபராயிள் கற்றவர்களுக்கு இது மிகப் பழைய கணக்கு. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று பேசிக் கொண்டிருந்தபோது இதே வாரிசுகளைச் சொல்லி ஒருவர் கேட்க, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாக ஆகி விட்டது என்று அக்கணமே விடையளித்ததாக நூல்கள் கூறும். பங்குகள் மொத்தத்தை மீறும்போது 24ஐ 27 ஆக்கி, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பார்கள். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். நியாயமாகச் சொல்வதென்றால், பையன் மறுபடியும் விளக்கிக் கேட்டபோது செயலி பிழைக்கு வருத்தம் தெரிவித்து, அவ்ல் முறைப்படி திருத்தியும் தந்தது. முதல் விடையில் இருந்த அதே உறுதி இரண்டாவதிலும் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் கருவிகள் இயங்கும் படிமுறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். அச்சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்து பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்ததால் பிறந்தது. அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவருடைய நூலின் பெயரிலிருந்தே வந்தது. அந்த நூலின் பெரும் பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தும் வாரிசுரிமையும்! வீட்டுக்கு வீடு மௌத்துக்குப் பின் எழும் கணக்கைத் தீர்க்கவே அவ்வளவு உழைப்பும். இன்று அவர் பெயரைச் சுமக்கும் கருவி அவருடைய கணக்கிலேயே இடறியதை என்னவென்பது!

இதைப் படித்து, இக்கருவிகளையே நான் வெறுக்கிறேன் என்று எண்ணி விடாதீர்கள். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மில் எத்தனை? அந்நோயால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கண்டறியக் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கருவியைப் பழக்கினார்கள். 2016இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், அது தேர்ந்த கண் மருத்துவர்களுக்கு இணையாகக் கணித்தது. அதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கு கொண்டது. கருவி தானாகக் கற்கவில்லை. ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 54 மருத்துவர்கள் பார்த்து மதிப்பிட்டுத் தந்த பின்னரே கற்றது. ஆனால் இத்தகைய கருவியைத் தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, வெளிச்சம் போதாமல் எடுத்த படங்களை அது ஏற்க மறுத்து விட்டது. ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் அப்படித் தள்ளுபடியாயிற்று. படம் நன்றாக இருந்தால் பதில் உண்டு. இல்லையேல் நோயாளி திரும்பிப் போக வேண்டியதுதான்.

மருத்துவம் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு வந்த ஆங்கில அறுவை மருத்துவர் சோமர்வெல், அது முடிந்ததும் நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தவர், லண்டனில் காத்திருந்த உயர்ந்த வாழ்வை விட்டு விட்டு இங்கேயே பல்லாண்டு பணியாற்றினார். இங்கேயே தங்கி விடுங்கள் என்று அவரிடம் யார் விண்ணப்பித்தது? கேட்கப்படாத கேள்வி ஒன்று அவர் கண்ணில் பட்டது, அவ்வளவே. எங்கள் ஊரைப் பற்றிப் பெருமையடித்துக் கொள்கிறேன் என்றாலும் பரவாயில்லை.

பாகப்பிரிவினைக்கு வருகிறேன். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆலிமை அழைத்து வந்தோம். வயதானவர். பையன் திருத்திய கணக்கைக் காட்டினான். கண்ணாடியை ஏற்றி விட்டுக் கொண்டு பார்த்தார். "கணக்கு சரி தம்பி" என்று சொல்லிச் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, இத்தாவில் இருந்த அந்தப் பெண் கேட்கும்படி, கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மஹர் முழுவதும் கையில் வந்ததா, மகளே?"

உள்ளிருந்து பதில் இல்லை. சற்று நேரம் கழித்து, பாதிதான் என்று மெதுவாகக் குரல் வந்தது.

"கடன் ஏதும் உண்டா? உன் பொருள் எதுவும் அவர் வாங்கினாரா?"

இந்த மௌனம் இன்னும் நீண்டது. சூரத்துன் நிஸாவின் 11, 12 ஆகிய இரண்டு வசனங்களுக்குள், வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்னரே பங்கு என்று நான்கு முறை சொல்லப்படுகிறது. நாங்கள் அத்தனை பேரும் ஓதியவர்கள்தாம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பங்கு எவ்வளவு என்று கேட்டோம், செயலி பங்கைச் சொன்னது. அந்தப் பெண்ணோ, கணவரை இழந்த வீட்டில் காசுக் கணக்குப் பேசுவதா என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

கதவுக்கு அப்பாலிருந்து அல்ல, கூடத்திலிருந்தே அடுத்த குரல் எழுந்தது. மர்ஹூமின் வாப்பா. எண்பதை நெருங்கியவர். "தோப்பு வாங்கினபோது மருமகளோட நகை பதினைஞ்சு பவுனை வித்தான். திருப்பிச் செஞ்சு தாறேன்னு என் முன்னாலதான் சொன்னான். செய்யல்ல" என்றார்.

வாசகர்களே, பதினைந்து பவுன் கடனாகக் கழிந்தால் அந்த வாப்பாவின் பங்கும் அவர் மனைவியின் பங்கும் எவ்வளவு சுருங்கும் என்று இன்றைய தங்க விலையில் நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அவருக்கும் அது தெரியாமலில்லை. வாழ்நாள் முழுதும் கடை நடத்தியவர்.

எழுத்தர், தட்டச்சர், கணக்கர் வேலைகளை இக்கருவிகள் விழுங்கி விடும் என்று வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அச்சம் நியாயமானதே. கூட்டல் கழித்தல் மட்டுமே தெரிந்த ஆலிமாக இருந்திருந்தால் அவருக்கும் அன்று வேலையில்லை. எனக்கு அதைவிட வேறொன்று கவலை தருகிறது. விடை இவ்வளவு விரைவாகக் கிடைத்து விட்டதால்தான், வேறெதுவும் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று. செயலி பொய் சொல்லவில்லை. எங்களைச் சிந்திக்க விடாமல் திருப்திப்படுத்தி விட்டது.

பையன் அன்றிரவே புதிய கணக்கு எழுதினான். முதலில் அடக்கச் செலவு, அடுத்து பாக்கி மஹர், பதினைந்து பவுன், அதன் பிறகே இருபத்தேழு பங்கு. பெருக்கி வகுப்பதற்குச் செல்போனைத்தான் எடுத்தான், நானும் தடுக்கவில்லை. எழுதி முடித்த தாளை வாப்பாவிடம் கொண்டு போய்க் கையொப்பம் கேட்டான். அவர் தாளை வாங்கி, பவுன் என்றிருந்த வரியை விரலால் தொட்டு, "இதை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது, எனக்குக் கண் தெரியவில்லை" என்றார்.