அடி மாறாத கூடுகள்

பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் ஒரு வீட்டு நிலவறை. சுவரில் அரிசாகா டைப் 99 துப்பாக்கி ஒன்று மாட்டியிருக்கிறது. 1939இல் ஜப்பான் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரகம். குழல் தொடங்கும் இடத்தில் பொறித்திருந்த பதினாறு இதழ்ச் செவ்வந்திச் சின்னத்தை யாரோ அரம் போட்டு மழித்திருக்கிறார்கள். ஜப்பான் சரணடைந்தபின் பல துப்பாக்கிகளில் பேரரசரின் முத்திரை இப்படித்தான் அழிக்கப்பட்டது. அமெரிக்கச் சிப்பாய்கள் அவற்றைப் போர் ஞாபகமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கி வந்துவிட்டது. அதற்குப் போட 7.7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கக் கடைகளில் எங்கே போவது?

இந்த வீட்டுப் பெரியவரின் தகப்பனாரும் அப்படி ஒன்றைச் சுமந்து வந்தவர். ஒரு தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை நசுக்கி, வெட்டி, நீவி வேறொரு தோட்டாவின் கூடாக்கும் வேலை அவரோடு இந்த நிலவறைக்குள் வந்தது. மகன் லேத் ஆப்பரேட்டராக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டிய கை. பிட்ஸ்பர்கில் இருக்கும் என் நண்பர் சொல்லித்தான் இங்கே வந்தேன். துப்பாக்கி மேல் எனக்கு ஆசை கிடையாது. பித்தளை மேல் உண்டு.

தோட்டாவில் நான்கு சாமான். முனையில் குண்டு, உள்ளே மருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கூடு. சுட்டபின் மற்றவை தீர்ந்துபோகும், கூடு மிஞ்சும். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அதை எடுத்துப் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்புவது அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே சாதாரணமான பழக்கம். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நம் ஊரில் உரிமம் இல்லாமல் செய்தால் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்து நிற்கும்.

கூட்டின் வாய், கழுத்து, தோள் எல்லாம் மெல்லிய தகடு. சொன்னபடி கேட்கும். அடி அப்படியல்ல, கெட்டிக் கட்டி. லேத்தில் கொஞ்சம் சீவலாம், அதற்குமேல் அசையாது. ஆகவே அடியளவு ஒத்துப்போகிற கூடுகளுக்குள்தான் கொள்வினை கொடுப்பினை. 1888இல் ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அடியோடு ஒரு தோட்டா செய்தார்கள். 1906இல் அமெரிக்க ராணுவத்தின் ‘தேர்ட்டி-நாட்-சிக்ஸ்’ வந்தபோது அதற்கும் கிட்டத்தட்ட அதே அடி. ஜப்பானின் 7.7க்கும் மயிரிழை வித்தியாசத்தில் அதே அடி. போர்முனையில் எதிரெதிரே நின்றவர்களின் தோட்டாக்கள் பங்காளிகள் என்பது அந்த மேசையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் எனக்கு விளங்கியது.

அமெரிக்கக் கூட்டின் நீளம் 63 மில்லிமீட்டர் சொச்சம். ஜப்பானியக் கூடு 58ஐத் தாண்டாது. “வெட்டினால் போதாதா?” என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தார்.

ஒவ்வொரு முறை நெளிக்கும்போதும் பித்தளை இறுகுகிறது. இறுகியதை மேலும் நெளித்தால் விரிசல் விடும். கும்பகோணம் பாத்திரப் பட்டறைகளில் குடத்தைத் தட்டிக்கொண்டே இருக்கமாட்டார்கள். நடுநடுவே உலையில் காட்டித்தான் தட்டுவார்கள். இங்கேயும் அதுதான் வேலை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு: கழுத்து இளக வேண்டும், அடி இறுக்கமாகவே இருக்க வேண்டும். சுடும்போது தேர்ட்டி-நாட்-சிக்ஸ் கூட்டுக்குள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டுவரை அழுத்தம் ஏறும். அடி இளகிக் கிடந்தால் அந்த வாயு பின்பக்கமாக, சுடுகிறவர் முகத்துக்கு வரும். அதனால் கூடுகளைத் தண்ணீர்த் தட்டில் பாதி முழுக நிறுத்தி, கழுத்தில் மட்டும் வாயு விளக்கின் நீலச் சுடரைக் காட்டுகிறார். இருட்டு எதற்கென்றால், பகல் வெளிச்சத்தில் தெரியாத செம்மை அதில் தெரியும். நன்றாகச் சிவக்கும்வரை காத்திருந்தால் கெட்டது. மங்கலாக நிறம் திரும்பும் அந்தக் கணத்தில் ஒரு கம்பியால் கூட்டைத் தட்டித் தண்ணீருக்குள் சாய்க்கிறார். சுர் என்கிறது. அடுத்தது. வெப்பத்தைக் காட்டும் பூச்சுகள் கடையில் கிடைக்கின்றன, மின்சாரக் கருவிகளும் இருக்கின்றன. இவர் கண்ணைத்தான் நம்புகிறார். எனக்கு அது கொஞ்சம் பிடிவாதமாகப் பட்டது.

“இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் ஊர் மழைக்காலம்” என்றார் விளக்கைப் போட்டுக்கொண்டே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், நெளித்த பித்தளைக்குள் உறைந்து கிடந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. காரணம் 1921இல்தான் தெளிவாயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். சூடு காட்டி இறுக்கத்தை எடுத்துவிட்டால் விரிசல் வராது. அதனால் இந்தப் பட்டறைக்குள் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷுக்கு அனுமதியில்லை. கூடுகள் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் குளிக்கின்றன. குத்துவிளக்கை நாம் புளி போட்டுத் தேய்ப்பதைச் சொன்னேன். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

பிரஸ் என்பது நீளமான கைப்பிடி உள்ள இரும்புச் சாதனம். மேலே ‘டை’ எனும் அச்சைத் திருகி, கீழேயிருந்து கூட்டை அதற்குள் ஏற்ற வேண்டும். இவருடைய டைகளில் பாதி ஆர்.சி.பி.எஸ். தயாரிப்பு. ஃபிரெட் ஹண்டிங்டன் 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கியது. போர்க்காலத் தட்டுப்பாட்டில், சுட்டுப்போட்ட .22 கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக்கும் அச்சோடு தொடங்கிய கம்பெனி. இந்தத் தொழிலின் வேர் முழுக்க இப்படிப்பட்ட பஞ்சத்தில்தான் இருக்கிறது.

ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து செய்த மெழுகை விரல் நுனியால் கூட்டில் தடவுகிறார். குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும், மிகுந்தால் தோளில் குழி விழும். கைப்பிடியை ஒரே மூச்சில் இழுப்பதில்லை. கொஞ்சம் இறக்கி, தளர்த்தி, கூட்டைச் சற்றுத் திருப்பி, மறுபடி இறக்குகிறார். என்னிடம் ஒன்றைக் கொடுத்தார். தோள் பின்வாங்கும் இடத்தில் கைப்பிடி வழியாக ஒரு எதிர்ப்பு வந்தது, பிறகு திடீரென்று விட்டுக்கொடுத்தது. “அந்த இடம்தான்” என்றார், “அங்கே அவசரப்பட்டால் கசங்கிவிடும்.”

பிறகு சிறு ரம்பத்தில் மிச்ச நீளத்தை அறுத்து, வாயைச் சமன்செய்து, பிசிறு எடுப்பது. அது சலிப்பான வேலை, பேச்சு நின்றுவிடும். அதற்கடுத்தது முக்கியம். பழைய தோளின் ஒரு பகுதி இப்போது புதுக் கழுத்தாகிவிட்டது. தோள் தகடு கழுத்தைவிடத் தடிமன் என்பதால் உள்ளே ஒரு வளையம் திரண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உருண்டை முனை மைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும். அதை ரீமரால் குடைந்து எடுக்காவிட்டால், சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் எகிறும். அளந்தபோது அளவு தவறியிருந்த ஒரு கூட்டைப் பெரியவர் பேசாமல் குப்பை டப்பாவில் போட்டார். அதுவரை அதற்குச் செலவான உழைப்பை நினைத்து எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு இளம்பெண் இதையே தொழிலாக நடத்துகிறார், உரிமத்தோடு. நிரப்பிய தோட்டாவை விற்பவருக்கு அது கட்டாயம். 2011இல் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கு, குவியல் குவியலாகக் கிடைக்கும் .223 காலிக் கூடுகளை 45 மில்லிமீட்டரிலிருந்து 35க்கு அறுத்துத் தருகிறார். மோட்டார் ஓட, காதில் அடைப்பானோடு நிற்கிறார். அவருக்கு அது காசு. பெரியவருடைய கணக்கு வேறு. 7.7 கூடுகளை இன்று புதிதாகவே வாங்கலாம், நேரத்துக்குக் கூலி போட்டால் இவர் செய்வது நஷ்டம். அதை அவரே சொன்னார். நவம்பர் கடைசியில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில் தகப்பனாரின் துப்பாக்கியோடு காட்டுக்குப் போக வேண்டும், அதற்குத் தன் கையால் செய்த தோட்டா வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு உறுத்திய ஒன்றைக் கடைசியில் கேட்டேன். கூடு மாறிவிட்டது, ஆனால் அடியில் அச்சிட்ட ‘30-06’ அப்படியே இருக்கிறதே? ஜப்பானியக் குண்டு தடிமனானது, நம் போலீசார் வைத்திருந்த .303இன் அளவு. விவரம் தெரியாத ஒருவர் முத்திரையை நம்பி அமெரிக்கத் துப்பாக்கியில் போட்டால்?

பெட்டிகளைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் கூட்டின் பெயர், எதிலிருந்து செய்தது, எந்தத் துப்பாக்கிக்கு என்பது எழுதியிருந்தது. மூடியின் உட்பக்கம் மகனுக்கு ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. நான் போனபின் எழுத்தில்லாத பெட்டியில் இருக்கும் எதையும் சுடாதே, நிரப்பியதைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துவிடு, காலிக் கூட்டைக் குறட்டால் நசுக்கி எடைக்குப் போடு என்று.

“மகன் வேட்டைக்குப் போவாரா?” என்றேன்.

“பல் டாக்டர். ரத்தம் பார்த்தால் ஆகாது என்பான். மான் கறி மட்டும் கேட்டு வாங்கிப் போவான்.”