வீட்டு வரியும் வீடில்லாதவரும்

வீட்டு வரி ரசீது வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்தத் தொகைக்குள் நூல் நிலைய வரி என்று ஒன்றும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் அது வசூலாகிறது. 1948-ம் வருஷம் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சென்னைப் பொது நூல் நிலையச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இந்த விஷயத்துக்கென்று ஏற்பட்ட முதல் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் எஸ். ஆர். ரங்கநாதன் என்ற ஒருவருடைய பல வருஷப் பிடிவாதம் இருந்தது. அவர் சீர்காழியில் பிறந்தவர். என்னைப்போல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் புத்தகசாலைக்குப் போய், பிறகு உலகத்துக்கே நூல் நிலைய சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தவர்.

"வீடு வைத்திருப்பவன் கொடுக்கும் வரியில் நடக்கிற இடத்தில், வீடே இல்லாதவன் வந்து உட்கார்ந்துகொள்வது என்ன நியாயம், ஸார்?" என்று ஒரு கனவான் என்னைக் கேட்டார். எங்கள் ஊர்க் கிளை நூல் நிலையத்தின் வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டார். வரி கொடுக்கிறவருடைய கேள்வி அல்லவா? சட்டென்று தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அவர் குறிப்பிட்ட மனிதர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஈய எழுத்துக்களைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்த காலத்தில் கம்பாஸிட்டராக இருந்தவர். அந்தத் தொழில் அவருக்கு முன்பே மறைந்துவிட்டது. பஸ் நிலையத்தில் படுக்கை. குழாயடியில் முகம் கழுவல். காலை எட்டு மணிக்கெல்லாம் நூல் நிலைய வாசலில் ஆஜர். ஏன் வீடில்லை என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு போர்வை, ஒரு வேஷ்டி, மூக்குக் கண்ணாடிக் கூடு. வருகைப் பதிவேட்டில் முகவரி கேட்கும் கட்டத்தில் "பஸ் நிலையம், மூன்றாவது மேடை" என்று முத்து முத்தாக எழுதுவார். என் மாணவர்களில் யாருக்கும் அந்தக் கையெழுத்து வராது. வெள்ளிக்கிழமை நூல் நிலையத்துக்கு விடுமுறை. அன்றைக்குப் பகல் மிகவும் நீளம் என்று ஒரு தடவை சொன்னார். அதைக்கூட ஒரு வானிலைச் செய்தியைப்போல்தான் சொன்னார்.

கம்பாஸிட்டர்கள் எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகியவர்கள். பத்திரிகை ஒன்றுதான், படிக்கிறவர்கள் ஐந்து பேர் என்றால், நாமெல்லாம் முறைக்குக் காத்திருப்போம். அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எதிரே ஒருவர் பிரித்து வைத்திருக்கும் பத்திரிகையை மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தலைகீழாக வாசித்து முடித்துவிடுவார். வினை அதிலிருந்துதான் வந்தது. "என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று எதிரே உட்கார்ந்திருந்தவர் புகார் எழுதிக் கொடுத்தார். வாடை வருகிறது, தூங்குகிறார், மூட்டை கொண்டுவருகிறார் என்று வேறு சிலரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறு வாரம் ஓர் அறிவிப்புத் தொங்கிற்று. உறங்குபவர்களுக்கும் மூட்டைகளுடன் வருபவர்களுக்கும் அனுமதி இல்லை என்பது அதன் சாரம். பெரியவர் அதை நின்று படித்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. அறிவிப்பு இன்னும் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, மின்சார விசிறியின் காற்று நன்றாக விழுகிற நாற்காலியில், பென்ஷன் வாங்கும் உத்தியோகஸ்தர் ஒருவர் வாரப் பத்திரிகையை மார்பின்மேல் போட்டுக்கொண்டு தினமும் பத்தரை மணிக்கு உறங்குகிறார். குறட்டைகூட உண்டு. அவரை யாரும் எழுப்புவதில்லை. நானும் எழுப்பச் சொல்லவில்லை, வயதானவர் பாவம். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்கள் ஆளுக்கு ஒரு மூட்டைப் புத்தகத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்து மேஜையை நிரப்புகிறார்கள். நூல் நிலையத்தின் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. நிழலுக்கும் அமைதிக்கும் ஒரு மேஜைக்குமாக வருகிறார்கள். பெரியவர் வந்ததும் ஏறக்குறைய அதற்குத்தானே?

எதிர்க்கட்சியின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் நூல் நிலையத்தில் லைப்ரேரியன் அம்மாள் ஒருவர். உதவிக்கு ஒரே ஒரு சிப்பந்தி. குடித்துவிட்டு வந்து உளறுகிறவனையும் அந்த அம்மாள்தான் சமாளிக்க வேண்டும். என் வகுப்புப் பெண்களைச் சனிக்கிழமைதோறும் நான் அங்கே அழைத்துப் போகிறேன். அவர்களிடம் வம்பு பேசுகிறவன் ஒருவன் உள்ளே இருந்தால், அவனுக்கு வீடு உண்டா இல்லையா என்று விசாரிக்காமல் வெளியே அனுப்பச் சொல்லுவேன். வாடையும் கற்பனை அல்ல. கோடை காலத்தில், மூடிய ஜன்னலுக்கருகில், குளிக்காத உடம்புக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பது யாருக்கும் சிரமந்தான். ஆனால் அவர் எங்கே குளிப்பார்? பஸ் நிலையத்துக் குளியலறையில் காசு கேட்கிறார்கள். நூல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழாயும் கழிப்பறையும் இருக்கின்றன, அவை பூட்டியிருக்கின்றன. குளிக்க இடத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் குளிக்கவில்லை என்று துரத்துவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்த வழக்கு அமெரிக்காவில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் மாரிஸ்டவுன் என்று ஓர் ஊர். அங்கே நூல் நிலையத்தார் சில விதிகள் வகுத்தார்கள். உள்ளே வருகிறவர்கள் படிப்பு சம்பந்தமான காரியத்தில் ஈடுபட்டிருக்க வேண்டும். பிறரை உற்றுப் பார்த்துத் தொந்தரவு செய்யக் கூடாது. சகிக்க முடியாத வாடையுடன் வரக் கூடாது. (உற்றுப் பார்ப்பது! எங்கள் கம்பாஸிட்டர் அங்கேயும் தப்பியிருக்கமாட்டார்.) வெளியேற்றப்பட்ட வீடற்ற மனிதர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1991-ல் நீதிபதி சரோகின் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஏழைகளின் கோலம் நம் கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிக்கவில்லையென்றால் அவர்களுடைய நிலைமையை மாற்ற வேண்டுமே அல்லாமல் நூல் நிலையச் சீட்டைப் பறிக்கக் கூடாது என்பது அவருடைய கருத்து. 1992-ல் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றி, விதிகள் செல்லும் என்றது. ஆனால் பொது நூல் நிலையத்தில் அறிவைத் தேடிப் பெறுவது குடிகளின் உரிமை என்பதையும் அதே கோர்ட்டு ஒப்புக்கொண்டது. அப்பீல் கோர்ட்டு சொன்ன சட்டத்தில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. நடத்தைக்கு விதி வேண்டியதுதான். அந்த விதியை யார்மேல் எடுத்துப் பிரயோகிக்கிறார்கள், யாரைக் கண்டால் மடித்து வைத்துவிடுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தார் வேறு வழியில் போனார்கள். 2009-ல் தங்கள் நூல் நிலையத்தில் சமூக சேவையில் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகஸ்தரையே நியமித்துவிட்டார்கள். முன்பு வீடில்லாமல் இருந்த சிலரையும் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர்கள் கழிப்பறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். வாடிய முகத்துடன் வருகிறவரிடம் பேச்சுக் கொடுத்து, படுக்க இடம் எங்கே, சாப்பாடு எங்கே, வைத்தியம் எங்கே என்று சொல்லுவார்கள். அந்த ஊர்ப் பணம் நமக்கு ஏது என்று கேட்பீர்கள். வாஸ்தவந்தான். ஆயினும் பணம் இல்லாத காலத்திலேயே, 1931-ல், மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்கள் நம்மவர்கள். வாசகனைத் தேடி நூல் நிலையம் போன தேசத்தில், தேடிக்கொண்டு வருகிற வாசகனைப் படியில் நிறுத்துவதா?

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் வீடற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் இந்தியாவில் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். பெரிய நகரங்களில் லட்சம் ஜனத்தொகைக்கு ஒன்று வீதம் தங்குமிடம் அமைக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட இடம் எங்கள் ஜில்லாவில் எங்கே இருக்கிறது என்பது லைப்ரேரியன் அம்மாளுக்கும் தெரியவில்லை, புகார் எழுதியவர்களுக்கும் தெரியவில்லை. அந்த விலாசத்தை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாளும் சிறிது பசையும் போதும். குழாயடிச் சாவியை ஆணியில் மாட்டி வைக்கலாம். வாசலருகே பைகள் வைக்க ஒரு பழைய அலமாரியை ஒழித்துக் கொடுக்கலாம். பரீட்சை வாலிபர்களுக்கும் அது சௌகரியம். தூங்குகிறவரை எழுப்புவதென்றால் விசிறிக்கடியில் இருப்பவரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வரியைப் பற்றிக் கேட்ட கனவானுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நான் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டு வரியை நான் கட்டுவதில்லை, வீட்டுக்காரர் கட்டுகிறார். இருபது வருஷமாக நான் அந்த நூல் நிலையத்தில் புத்தகம் எடுத்து வருகிறேன். ரசீது எங்கே என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இதைச் சொன்னபோது அவர், "நீங்கள் உபாத்தியாயர், ஸார். உங்களைப்போய் யார் கேட்பார்கள்?" என்றார்.

பெரியவர் இப்போது பஸ் நிலையத்து டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்கும் காகிதங்களை நீவி நீவிப் படித்துக்கொண்டிருக்கிறார். செய்திகள் பழையவை, பாதியில் கிழிந்தவை. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவரை உறுப்பினராகச் சேர்ப்பதற்கு விண்ணப்பத் தாளும் வாங்கி வைத்திருக்கிறேன். முன்பணத்தை நான் கட்டுகிறேன், ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்றால் அதையும் போடுகிறேன் என்று லைப்ரேரியன் அம்மாளிடம் சொல்லியாயிற்று. அந்த அம்மாள் நல்லவர். முகவரிக்கு அத்தாட்சி கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.