திண்ணையில் இரண்டு கினி பிக்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை, ஊருக்கு வெளியே அரை ஏக்கர் மல்லாட்டை. அதுதான் அவர் குடும்பத்தின் வருமானம். மாமா வாங்கித் தந்த இரண்டு கினி பிக்குகளையும் படுக்கையறையில் வைக்க வேண்டுமென்று மகள் அடம்பிடித்தாள்.

"வெளியில வெச்சா பூனை தூக்கிடும்ப்பா."

நியாயம்தான். ஆனால், இளைப்பு உள்ள தம்பியும் அதே அறையில்தான் படுக்கிறான். காய்ந்த புல்லின் தூசி, முடி, மூத்திர நெடி மூன்றுமே இளைப்பைத் தூண்டிவிடும். களிமண் தூசியில் பல வருஷம் இருமியவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பெரு நாட்டு மலைக் கிராமங்கள்ல அடுப்படியிலயே வளர்க்கிறாங்களாம்."

"அவங்க கறிக்கு வளர்க்கிறாங்க, பாப்பா."

மகள் வாயடைத்துப் போனாள்.

வெளியே வைப்பதிலும் ஆபத்து உண்டு. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே இவை அயர்ந்துவிடும், சாகவும் கூடும். கடைசியில், வடக்குப் பார்த்த திண்ணையில் கம்பிவலை அடித்த, மூடியுள்ள பெட்டி வைத்தார். படுத்துக்கொள்ளக் குளிர்ச்சியாகப் பட்டறையில் கழித்த பீங்கான் தட்டுகள், சுற்றிலும் ஈரச்சாக்கு. அக்னி நட்சத்திர மதியங்களில் மட்டும் பெட்டி கூடத்து மின்விசிறிக்கு வரும். தம்பி பக்கத்தில் போகக் கூடாது.

மனிதரைப் போலவே இவற்றின் உடம்பிலும் வைட்டமின் சி உற்பத்தியாகாது. அதனால் அருகம்புல்லோடு தினமும் கொய்யாத் துண்டு, கொத்தமல்லித் தழை. இரண்டும் பெட்டைதானா என்றும் பார்த்துக்கொண்டார். ஜோடியென்றால் இரண்டு மாதம் சொச்சத்தில் குட்டி போட்டுவிடும்.

இப்போது மகள் திண்ணை ஜன்னலை ஒட்டிப் பாய் விரிக்கிறாள். விடிந்ததும் அவள் காலடி கேட்டு இரண்டும் 'வீக் வீக்' என்று கத்துகின்றன. உள்ளே தம்பி இருமாமல் தூங்குகிறான்.